கேட்டில் கழற்றாத பதக்கம்

பட்டாசுக் கம்பெனி வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் மருந்து செலுத்துகிற அறைப் பக்கமிருந்து நடந்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காலையில் நான் தேய்த்துக் கொடுத்தது. வந்து குத்தவைத்து, தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினார். செம்பைச் சாய்க்கும்போதுதான் கவனித்தேன். அவர் சட்டைப் பைக்கு மேலே ஒன்றையும் காணோம்.

“மெடல எங்கங்க?” என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தார். ஈரக்கை நெஞ்சுக்குப் போனது. பைக்குள் விரலை விட்டுத் துழாவினார், மடியைத் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, தான் நடந்து வந்த வழியைப் பார்த்தார். எங்கள் ஊர் வெயிலில் காய்ந்து கறுத்த முகம் அவருடையது. அது சாம்பல் பூத்துப் போனதை நான் கண்ணால் கண்டேன்.

அவர் அப்போதுதான் அந்த அறைக்குள் போய்விட்டு வந்திருந்தார். அங்கே பெண்கள் தட்டு நிறைய மருந்தை வைத்து, கையால் அள்ளிக் குழாயில் செலுத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அவருடைய கூடப்பிறந்த தங்கை பொன்னுத்தாயி.

பட்டாசுக் கம்பெனியைப் பார்க்காதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஏழாயிரம்பண்ணையைத் தாண்டிக் காட்டுக்குள் போனால், சின்னச் சின்ன அறைகளாகத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஒன்று போனாலும் அடுத்தது நிற்கட்டும் என்றுதான் அந்த இடைவெளி. அந்த மருந்துக்கு நெருப்பு வேண்டியதில்லை. ஒரு உரசல் போதும். உலோகத் துண்டு ஒன்று அதற்குள் கிடந்து எதிலாவது உராய்ந்தால், பிறகு அறையும் இருக்காது, அறையில் இருக்கிறவர்களும் இருக்க மாட்டார்கள்.

ஊக்குப் பெட்டி

அதனால்தான் கேட்டிலேயே எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிடுவார்கள். செல்போன் போகட்டும், அது எல்லோருக்கும் தெரியும். சேலையில் குத்தியிருக்கும் ஊக்கு, கொண்டை ஊசி, வளையல், கொலுசு, மெட்டி எல்லாம் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மரப்பெட்டிக்குள் விழுந்துவிட வேண்டும். சோற்றுத் தூக்குவாளி மட்டும் மரத்தடி வரைக்கும் வரலாம். சாயங்காலம் வேன் வந்து நிற்கும்போது அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரே களேபரமாக இருக்கும். உன் ஊக்கு என் ஊக்கு என்று அடித்துக்கொள்வார்கள்.

நான் தையல்காரி. கம்பெனிப் பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் பருத்திச் சட்டை தைப்பதுதான் எனக்குப் பாதிப் பிழைப்பு. அதில் கொக்கி கிடையாது, பொத்தான் கிடையாது. நாடா வைத்து முடிச்சுப் போடுகிற மாதிரிதான் தைப்பேன். கை நுனி சீக்கிரம் நைந்து போகும் என்பதால் அங்கே மட்டும் இரட்டைத் தையல் ஓட்டுவேன். என் தையல் பிரிந்தது என்று இதுவரை ஒருத்தி வந்து நின்றதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வேண்டியிருக்கிறது.

கேட்டில் சுடலை என்று ஒரு வாட்ச்மேன். அவரிடம் யார் பேச்சும் எடுபடாது. முதலாளியம்மா ஒருமுறை ஆயுத பூஜைக்கு நகை நட்டோடு வந்து இறங்கியபோது, கும்பிட்டுக்கொண்டே கார்க் கதவைச் சாத்தி, “நீங்க இங்கனயே இருங்கம்மா, பிரசாதம் கொண்டாந்து தாரேன்” என்று உட்கார வைத்தவர். அப்படிப்பட்ட சுடலையின் கண் முன்னால்தான் அன்றைக்கு அந்தப் பதக்கம் உள்ளே போனது.

அதைக் கொண்டுபோனது நான். தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போனேன். கத்தரிக்கோல், ஊசிப் பொட்டலம், காலில் கிடந்த மெட்டி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டேன். கடைசியில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த பதக்கத்தை எடுத்தேன். சுடலை கைக்குட்டையைப் பிரித்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பதக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெற்றியில் கையை வைத்து ஒரு சல்யூட் அடித்தார். பிறகு, மறுபடி பத்திரமாகச் சுற்றி என் கையிலேயே கொடுத்தார்.

“கொண்டு போங்க தாயி. நம்ம ஊருக்கே பெருமை” என்றார்.

பக்கத்தில்தான் என் வீட்டுக்காரர் நின்றார். கம்பெனிக்கு அவர்தான் போர்மேன். ஒரு ஊக்குக்காக எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அன்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பதக்கத்தை அவர் ஒருநாளும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. பார்க்க வெட்கம். பார்த்திருந்தால் அதுவும் ஒரு உலோகத் துண்டு, பின்னால் ஒரு ஊக்கு இருக்கிறது என்று தெரிந்திருக்கும். நாங்கள் மூன்று பேருமே அதைச் சாமி படம் மாதிரி நினைத்துவிட்டோம்.

கரப்பானுக்குப் பயந்தவர்

பதக்கம் வந்த கதைக்குப் போகிறேன். எங்கள் கல்யாணக் கூத்தைப் போன வார அத்தியாயத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டேன். இது அதற்குப் பிறகு.

அடுத்து வந்த கோடையில் வடக்கே பனிமலையில் சண்டை மூண்டது. அவர் பீரங்கிப் படையில் இருந்தார். நான் அம்மா வீட்டில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வருகிற நேரம் தெரியும். அந்த நேரத்துக்கு மிஷினை நிறுத்திவிடுவேன். மிஷின் சத்தத்தில் சைக்கிள் மணி கேட்காமல் போய்விடுமே என்று பயம். மணி கேட்டாலும் பயம்தான். தபால்காரர் வாசலில் நிற்காமல் போனால் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாது. பெட்டிக்கடை டிவியில் பனியையும் புகையையும் காட்டுவார்கள். கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

பிறகு வேறு யாரோ எழுதிக் கொடுத்த ஒரு கடிதம் வந்தது. இரண்டு கையிலும் தீக்காயம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஒன்றுமில்லை.

குளிர்காலத்தில் ஊருக்கு வந்தார். முழங்கை வரை தோல் பளபளவென்று, வெந்த உருளைக்கிழங்கு தோல் உரித்த மாதிரி இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கவே எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நாளில் பதக்கமும் வந்தது. ஊரில் பந்தல் போட்டு மாலை போட்டார்கள். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் இருந்த பாராட்டுப் பத்திரத்தை வாசித்துத் தமிழில் சொன்னார். எரிகிற வெடிமருந்துப் பெட்டிகளுக்கு நடுவே தன் உயிரைத் துச்சமாக மதித்து, அச்சம் என்பதே அறியாமல் புகுந்து தோழர்களைக் காப்பாற்றினாராம்.

எனக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அச்சம் அறியாதவரா? அடுப்படியில் கரப்பானைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற மனுஷன். ஊசி போட வேண்டும் என்றால் டாக்டரிடம் மாத்திரை கேட்டு மன்றாடுவார். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்வார். தீபாவளிக்கு ஒரு மத்தாப்பு கொளுத்த மாட்டார். விடிகாலையிலேயே பணியாரத்தைத் தூக்கில் போட்டுக்கொண்டு மொபட்டில் ஆனைக்குட்டம் அணைக்கரைக்குப் போய்விடுவோம். அங்கே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காதில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் தீபாவளி வருஷா வருஷம் அப்படித்தான்.

அதற்குக் காரணம் உண்டு. அவர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது அவருடைய அம்மா ஒரு பட்டாசு அறையில் போனவர். அப்போதெல்லாம் அறைகளை ஒட்டி ஒட்டித்தான் கட்டுவார்களாம், முதலில் பக்கத்து அறையில்தான் தீப் பிடித்ததாம். அம்மா இருந்த அறைக்கு அது வந்து சேரக் கொஞ்ச நேரம் இருந்ததாம். எல்லோரும் பயந்து தரையில் படுத்திருக்கிறார்கள். யாரும் வெளியே வரவில்லை. பொன்னுத்தாயி அப்போது கைக்குழந்தை.

மருந்து வாடையே வேண்டாம் என்றுதான் அவர் பட்டாளத்துக்கு ஓடினார். அங்கே கொண்டுபோய்ப் பீரங்கிக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டி தூக்க நிறுத்தினார்கள். தலையெழுத்து என்பார்களே, அது வடக்கே போனாலும் கூடவே வரும் போலிருக்கிறது.

அந்த மலையில் என்னதான் நடந்தது என்று நான் கேட்காத நாள் கிடையாது. கொஞ்சிக் கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன். “என்னமோ குடுத்தாக” என்பார், அதோடு சரி. பதக்கம் என் கல்யாணச் சேலை மடிப்பில் ரசகற்பூர உருண்டையோடு கிடந்தது. கட்டின பெண்டாட்டிக்குச் சொல்லாத கதை என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்தான்.

பெட்டி மேலே ஒரு முகம்

பட்டாளத்தை விட்டு வந்தவர் பட்டாசுக் கம்பெனிக்கு ஏன் போனார் என்று கேட்பீர்கள். பொன்னுத்தாயிக்காகப் போனார். அவளுக்குக் கட்டிக் கொடுத்த இடம் சரியாக அமையவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து மருந்து செலுத்துகிற வேலையில் சேர்ந்துவிட்டாள். இவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். இங்கே வேறு என்ன வேலை இருக்கிறது, நீயே சொல் என்று அவள் கேட்டாள். அடுத்த வாரமே இவரும் அந்தக் கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்துவிட்டார். அவள் உள்ளே இருக்கும்போது நான் எப்படி வெளியே இருப்பது என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. ஒரு வேனில் என் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் போகிறார்கள்.

சீசன் சூடு பிடித்திருந்த நேரம். சின்ன முதலாளி ஒரு புது வெடி போடுவதாக இருந்தார். சிவகாசியில் லேபிள் அடிக்க ஆர்டர் கொடுத்தாயிற்று. எங்கள் பக்கத்தில் பட்டாசுப் பெட்டி மேலே புலி, குருவி, குழந்தை, தாமரை என்று போடாத படம் கிடையாது. சின்ன முதலாளிக்குப் பட்டாளத்துக்காரன் படம் வேண்டுமாம். அதுவும் வரைந்த படம் ஆகாது, நிஜமாகச் சண்டை போட்டு மெடல் வாங்கியவர் நம் கம்பெனியிலேயே இருக்கும்போது அவர் முகத்தைப் போட்டால் என்ன என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இரண்டு மூன்று தடவை மழுப்பினார். அதற்கு மேல் முதலாளியிடம் மறுக்க முடியவில்லை.

நான் பதக்கத்தோடு போன அன்று படம் எடுக்கிற ஆள் வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தி எடுத்தார். பதக்கத்தில் வெயில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது என்று கழற்றி இந்தப் பக்கம் குத்தினார், மறுபடி கழற்றி அந்தப் பக்கம் குத்தினார். கடைசியாகக் குத்தியபோது ஊக்கைச் சரியாகப் பூட்டினாரா என்று யாரும் பார்க்கவில்லை. எடுத்து முடித்ததும் படம் எடுத்த ஆளும் சின்ன முதலாளியும் கார் நின்ற பக்கம் போய்விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துச் செலுத்துகிற அறையிலிருந்து கூப்பிட்டார்கள். மருந்து கட்டி கட்டியாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. இவர் நின்ற கோலத்திலேயே போனார். வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டை வழக்கம்போல் தொட்டார். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும், எல்லோரும் தொட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். உள்ளே போய்த் தட்டுக்கு மேலே குனிந்து பார்த்தார். பரவாயில்லை, மெதுவாகச் செலுத்துங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட வந்தார்.

நான் செம்பைச் சாய்த்துக்கொண்டு மெடலைக் கேட்டது அப்போதுதான்.

மரத்தடி

அவர் ஓடவில்லை. எழுந்து, ஈரக்கையை என் முந்தானையில் அழுத்தித் துடைத்தார்.

“இங்கனயே இரு. யாரையும் ஓட விடாத” என்றார்.

நடந்து போனார். பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தார். அறையைச் சுற்றித் தரையில் மருந்துத் தூசி படிந்திருக்கும், காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று தகட்டைத் தொட்டார். உள்ளே ஏதோ சொன்னார். அவர் தலை மறைந்தது.

ஒரு காக்கை திறந்து கிடந்த தூக்குவாளிக்கு வந்தது. அதை விரட்டக்கூடப் பயமாக இருந்தது. கையை ஓங்கினால் அந்த அசைவில் அங்கே ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அந்த இடத்தில் இருந்தால் தெரியும்.

பின்வாசல் வழியாகப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். கையில், முகத்தில், கண் இமையில் எல்லாம் அலுமினியத் தூள் கலந்த வெள்ளி மருந்து ஒட்டி மினுங்கியது. பாதத்தைத் தூக்கி வைத்து, மரத்தடியை நோக்கி நடந்து வந்தார்கள். நான் முகங்களை எண்ணாமல் ஒரே முகத்தைத் தேடினேன். அது வரவில்லை.

“பொன்னுத்தாயி எங்க?” என்று கடைசியாக வந்தவளைக் கேட்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவ கையிலதான் மாட்டியிருக்கு மதினி. தட்டுக்குள்ள இருக்கு. கைய எடுக்க முடியல” என்றாள்.

மற்ற அறைகளுக்கு ஆள் அனுப்பி எல்லோரையும் நடத்தி வெளியே கொண்டுவந்தோம். லோடு ஏற்றிக்கொண்டிருந்த வண்டியின் இன்ஜினை அணைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. சுடலை கேட்டிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சல்யூட் அடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வாசல் எனக்கு ஒரு கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பிறகு, பார்த்துக்கொண்டே இருந்தால் அது வெடிப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று கண்ணை மூடினேன். மூடினால் இன்னும் பயமாக இருந்தது. அவரும் பொன்னுத்தாயியும் ஒரே அறையில், அவர்கள் அம்மா இருந்த மாதிரி.

பொன்னுத்தாயி சொன்னது

உள்ளே நடந்ததைப் பிற்பாடு பொன்னுத்தாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அண்ணன் வாசலில் நின்று, கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள் என்று சொன்னபோது, அவள் விரலில் ஏதோ கட்டியாகத் தட்டிக்கொண்டிருந்தது. மருந்துக் கட்டி என்றுதான் நினைத்திருக்கிறாள். மணிக்கட்டில் சுருக்கென்று குத்தவும்தான் தெரிந்தது. ஊக்கு திறந்து, சட்டைக் கை நுனியில் ஏறி மாட்டியிருந்தது. கையைத் தூக்கினால் பதக்கமும் மருந்துக்குள் இழுபட்டுக்கொண்டே வரும்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு அண்ணன் அவளுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்ற முடியாது, வெள்ளி மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். ஊக்கை மூடவும் முடியாது, இழுக்கவும் முடியாது. அதன் மூட்டுக்குள் மருந்து புகுந்திருந்தது. சட்டைத் துணியைப் பிரித்துத் துணியோடு பதக்கத்தை எடுப்பது ஒன்றுதான் வழி. கத்தரி கொண்டுவர முடியாத இடம் அது. முதலில் பதக்கத்தைச் சுற்றியிருந்த மருந்தைத் தன் சட்டை நுனியால் ஒதுக்க ஆரம்பித்தார். பொன்னுத்தாயிக்குக் கை நடுங்கியது. நடுங்காதே என்று சொன்னால் நடுக்கம் கூடத்தான் செய்யும். அதனால் அவர் பேச ஆரம்பித்தார்.

“இத எதுக்குக் குடுத்தாகன்னு கேட்டியே ஒருநா, சொல்லட்டா?” என்றாராம்.

அவள் தலையைக்கூட ஆட்டவில்லை.

“அங்கனயும் இப்படித்தான் தாயி. பீரங்கிக்குப் பின்னால மருந்துப் பெட்டிய அடுக்கி, மேல வலை போட்டு மூடியிருப்பாக. குண்டு விழுந்து வலையில தீ புடிச்சிருச்சு. எல்லாரும் பள்ளத்துல படுத்துட்டாக. படுக்கணும், அதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. நானும் படுத்தேன். படுத்தா அம்மா ஞாபகம் வந்துருச்சு. ஒரு ரூமுல புடிச்சா அடுத்த ரூமுக்கு வரும்னு எனக்குத்தான் தெரியுமே. கூட இருந்தவுக வேற வேற ஊர்க்காரக, அவுகளுக்கு அது தெரியாது. அது வந்து சேர்ற வரைக்கும் அங்கனக்குள்ள காத்துக் கெடக்க எனக்கு முடியல. அம்புட்டுப் பயம். அந்தப் பயத்துலதான் எந்திரிச்சுப் போயி வலையக் கையால புடிச்சு இழுத்தேன்.”

“அப்ப வீரத்துக்கு இல்லையாண்ணே?” என்று இவள் கேட்டிருக்கிறாள்.

“பயந்ததுக்குக் குடுத்தாக தாயி.”

“இப்ப?”

“இப்பவும் பயமாத்தான் இருக்கு. நீ கைய அசைக்காத.”

பிறகு குனிந்து அவள் சட்டைக் கை நுனியைப் பல்லால் கடித்திருக்கிறார். இரட்டைத் தையல். நான் ஓட்டியது. லேசில் பிரியவில்லை. இழுத்தால் கை ஆடும், அதனால் ஒவ்வொரு இழையாகக் கடித்துக் கடித்துத் துண்டித்திருக்கிறார். மதினி தையல் இப்படியா கழுத்தை அறுக்கும் என்று பொன்னுத்தாயிக்கு அந்த நேரத்திலும் தோன்றியதாம். தன் மடியில் தலை வைத்த மாதிரி அண்ணன் குனிந்திருக்க, அவருடைய பிடரியில் வேர்வை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு சொட்டு தட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மற்றக் கையால் தன் முந்தானையை எடுத்து, மெதுவாக, அந்தப் பிடரியில் ஒற்றியிருக்கிறாள்.

துணி பிரிந்து வந்தது. துணியோடு பதக்கத்தைத் தட்டிலிருந்து மேலே தூக்கினார்.

முதலில் வெளியே வந்தது பொன்னுத்தாயி. பின்னால் அவர், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, விபூதி வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். யாரையும் கிட்டே வர விடவில்லை. வெட்டவெளிக்குப் போய், கொஞ்சம் ஈரம்தான் ஆபத்து, முழுக்க அமிழ்ந்தால் சூடேறாது என்று வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதற்குள் துணியோடு அமுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். உதடும் மீசையும் பல்லும் வெள்ளியாக மின்னின. நான் முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டேன். அவ்வளவு பேர் பார்க்க அவரைத் தொட்டுத் துடைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமே இல்லை, அழுகைதான் வந்தது.

சின்ன முதலாளி காருக்குள் உட்கார்ந்திருந்தார். லேபிள் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. அந்த வெடி பிறகு வந்தது. பெட்டி மேலே கிளிப் படம் போட்டிருக்கிறார்கள்.

வேன்

அன்று திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் கேட்டில் நின்றார். ஈரத்தோடு இருந்த பதக்கத்தை, அந்தக் கந்தல் துணியோடு மரப்பெட்டிக்குள் போட்டார்.

“இது இங்கனயே கெடக்கட்டும். நாளையிலருந்து என்னையும் தடவிப் பாத்துத்தான் விடணும் சுடலை” என்றார்.

சுடலை பெட்டியைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் பார்த்தால் குளித்துவிட்டுத் தெருவில் வேனுக்கு நிற்கிறார். பக்கத்தில் பொன்னுத்தாயி. நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பட்டது போதும், இரண்டு பேரும் வீட்டில் இருங்கள், நான் தைத்துப் போடுகிறேன் என்றேன். பொன்னுத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். என் ஒரு மிஷின் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

“பயமாத்தான் இருக்கு பாக்கியம்” என்றார் அவர். “பயமில்லாத ஒருத்தன அங்கன கொண்டாந்து வச்சா என்ன ஆகும், சொல்லு.”

வேன் வந்தது, ஏறினார்கள். ஹெட்மாஸ்டர் வாசித்த அந்தப் பத்திரத்தில் எதைத் தப்பாக எழுதியிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. முன்பெல்லாம் கோயிலில் அவருக்குத் தைரியம் கொடு என்று வேண்டிக்கொள்வேன். இப்போது அதை வேண்டுவதில்லை. அவர் பயம் அவரை விட்டுப் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

பதக்கம் இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. தினமும் காலையில் அதன் மேல் ஊக்கும் கொண்டை ஊசியும் விழுகின்றன. நாடா சாயம் போய்விட்டதாம், சுடலை சொன்னார். இவரையும் கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்த்துத்தான் விடுகிறாராம்.

பொன்னுத்தாயிக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தேன். கை நுனியில் ஒற்றைத் தையல்தான் ஓட்டியிருக்கிறேன், ஒரு இழு இழுத்தால் பிரிந்துவிடும். இப்போது எல்லோருக்கும் அப்படித்தான் தைக்கிறேன். சீக்கிரம் நைந்துவிடுகிறது என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

இந்த அத்தியாயத்தை வாசலைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். இதுவும் சீசன்தான். வெயில் இறங்கிவிட்டது, பக்கத்துத் தெருவுக்கு வருகிற வேன் வந்துவிட்டது. எங்கள் வேன் இன்னும் வரவில்லை. தைக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது. மிஷினை நிறுத்தி வைத்திருக்கிறேன்.